நெல் விஷயத்தில்

தாராவி, பம்பாய்
4.8.1974

அன்புள்ள தம்பி இளையபெருமாளுக்கு, அக்கா ராசம்மாள் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் மச்சானும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். மழை விடாமல் ஊற்றுகிறது. துறைமுகத்தில் மூட்டை ஏற்ற வழியில்லாமல் மச்சான் நான்கு நாளாக வீட்டில் இருக்கிறார், பிள்ளைகளை விட அவர்தான் அதிகத் தொந்தரவு. அம்மாவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாளா, இல்லை பரண் மேல் பத்திரமாக ஏற்றிவிட்டாளா?

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஆயா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போன மாதம் ரெங்கம்மாள் என்று ஒருவர் பிரசவத்துக்கு வந்தார். சீர்காழிப் பக்கம். அவர் வீட்டுக்காரர் இங்கே ஒரு மேனேஜ்மெண்ட் கல்லூரியில் அலுவலக வேலை பார்க்கிறார். இரண்டு வருஷப் படிப்பாம். முடித்தவனைக் கம்பெனிக்காரர்கள் கல்லூரி வாசலுக்கே வந்து அழைத்துப் போகிறார்களாம். எந்தப் பட்டம் வாங்கியவனும் மனுப் போடலாம் என்றார். உடனே உன் நினைவு வந்தது. பட்டத்தில் நீ வாங்கிய மூன்றாம் வகுப்பும் கூடவே நினைவு வந்தது.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். வீட்டுக்காரரிடம் விசாரித்துச் சொன்னார். மார்க் குறைவு என்பதற்காக மட்டும் மனுவைத் தூக்கி மூலையில் போட மாட்டார்களாம். டிசம்பரில் ஒரு நுழைவுத் தேர்வு உண்டு, அதில் நல்ல மார்க் வாங்கினால் பாதி தூரம் வந்த மாதிரி. செய்கிற வேலையில் என்ன செய்து காட்டினான் என்று பார்ப்பார்கள். வேலையில் பழகிய இரண்டு பேர் உன்னைப் பற்றிக் கடிதம் கொடுக்க வேண்டும். இது போக, மார்க் ஏன் குறைந்தது என்று நீயே ஒரு பக்கம் எழுத வேண்டும். உன்னைப் போன்றவர்கள் மனுவில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார்களாம்.

முதல் இரண்டு வருஷமும் அறுபதுக்கு மேல் வாங்கியவன் கடைசி வருஷம் ஏன் அப்படிக் குப்புற விழுந்தாய்? அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேஸ், கோர்ட் என்று நாங்கள் அலைந்த நேரம், விட்டுவிட்டேன். மார்க் லிஸ்ட் நகலும் ஹால் டிக்கெட்டும் இருந்தால் அனுப்பு, ரெங்கம்மாள் வீட்டுக்காரரிடம் காட்டுகிறேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

அக்கா
ராசம்மாள்


கீழ்வேளூர்
2.9.1974

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது.

அம்மாவும் நானும் நலமாக இருக்கிறோம். தைலம் பரண் மேல்தான் இருக்கிறது. பம்பாயிலிருந்து வந்த புட்டியைத் திறக்க மனம் வரவில்லையாம். உங்கள் மழையில் கொஞ்சம் இங்கே அனுப்பினால் நன்றாக இருக்கும், வாய்க்காலில் தண்ணீர் கெண்டைக்கால் மட்டத்தில்தான் வருகிறது.

குறுவை அறுப்பு தொடங்கிவிட்டதால் பதில் தாமதம். அரசாங்கம் நெல் வாங்கும் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரியும். பருவம் தொடங்கினால் கூப்பிடுவார்கள், முடிந்தால் வீட்டுக்குப் போ என்பார்கள். மூன்று வருஷமாக இதுதான். போன மாதம் நிரந்தரம் செய்ய ஒரு பட்டியல் போட்டார்கள். இரண்டாம் வகுப்பு வரை எடுத்தார்கள். மூன்றாம் வகுப்பு என்றதும் குமாஸ்தா என் மனுவைப் படிக்காமலேயே அடியில் செருகினார், பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கு இருபத்தாறு வயதாகிறது. நீ எழுதியிருக்கும் படிப்பு கிடைக்காவிட்டால் வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை. அதனால் மனுப் போடுகிறேன்.

வேலையில் செய்தது என்று சொல்ல ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் டிராக்டர் வைத்திருப்பவர்கள் முந்திக்கொண்டு வந்து கொட்டிவிடுவார்கள். இரண்டு ஏக்கர் குத்தகைக்காரன் ஐந்து நாள் காத்துக் கிடப்பான், அதற்குள் மழை வந்து நெல் முளைத்துவிடும். நான் அறுப்புக்கு முன்பே ஊர் ஊராகச் சைக்கிளில் போய், யார் வயல் எப்போது அறுப்பு என்று குறித்து, ஆளுக்கு ஒரு தேதிச் சீட்டுக் கொடுத்துவிடுகிறேன். சீட்டில் உள்ள நாளுக்கு முன்னால் யார் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். போன சம்பாவில் எங்கள் நிலையத்தில் ஒரு மூட்டை கூட முளைக்கவில்லை. இதை எழுதலாம் என்று இருக்கிறேன்.

மார்க் ஏன் குறைந்தது என்ற பக்கத்துக்கு மஞ்சள் காமாலை என்று எழுதிவிடுகிறேன். யாரும் வந்து கண்ணைப் பார்க்கப் போவதில்லை. நீ கேட்ட நகல்கள் இதோடு இருக்கின்றன.

மச்சானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம்.

தம்பி
இளையபெருமாள்


தாராவி
20.9.1974

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது.

நாங்கள் சுகம். சின்னவனுக்கு இரண்டு நாள் சளி, சரியாகிவிட்டது.

காமாலை என்று எழுதாதே. அந்த ஏப்ரலில் நீ நாகப்பட்டினத்தில் என் வீட்டில் இரண்டு நாள் தங்கி, மீன் குழம்புச் சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனவன். காமாலைக்காரன் அப்படிச் சாப்பிட மாட்டான்.

மார்க் லிஸ்டைப் பார்த்தேன். இரண்டு தாளுக்கு எதிரே வரவில்லை என்று போட்டிருக்கிறது. ஹால் டிக்கெட்டில் தேதியைப் பார்த்தேன். பெட்டியில் இருந்த தீர்ப்பு நகலை எடுத்து அதிலும் தேதியைப் பார்த்தேன். ஏப்ரல் பதினேழு, பதினெட்டு. நீ கோர்ட்டில் நின்ற இரண்டு நாள். பரீட்சையெல்லாம் முடிந்துவிட்டது அக்கா என்று வாய் கூசாமல் சொன்னாயே. ஆஸ்பத்திரி மருந்தறையில் உட்கார்ந்து அழுதேன். உன் படிப்பைத் தின்றது நாங்கள் என்று தெரியாமல் ஆறு வருஷம் சோறு தின்றிருக்கிறேன்.

ஆனால் தம்பி, இதைவிட நல்ல காரணம் யாருக்குக் கிடைக்கும்? ரெங்கம்மாளும் அதையேதான் சொன்னார். நான் தமிழில் எழுதித் தருகிறேன், இங்கிலீஷில் நீ போட்டுக்கொள்:

‘1968 தை மாதம் எங்கள் ஊரில் அறுவடைக் கூலித் தகராறு நடந்தது. பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் அடிதடியாகி, பண்ணைக் காரியஸ்தர் துரைராசு என்பவருக்குக் கால் முறிந்தது. விவசாயச் சங்கத்தில் முன்னால் நின்றவர் என்பதற்காக என் அக்காள் கணவர் வீரையன் மேல் பொய் வழக்குப் போட்டார்கள். சம்பவம் நடந்த அன்று அவர் தஞ்சாவூரில் என் கல்லூரி விடுதி அறையில் என்னோடு இருந்தார். அந்த உண்மையைச் சொல்ல நான் கோர்ட்டுக்குப் போனதால் இரண்டு தாள் எழுத முடியவில்லை. நிரபராதி விடுதலையானார்.’

இதைப் படித்துவிட்டு உன்னை வேண்டாம் என்று சொல்ல எவனுக்கு மனம் வரும்? அக்டோபர் முப்பத்தொன்று கடைசித் தேதி. மச்சானிடம் படித்துக் காட்டினேன். எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். அவருக்கும் மனசு தாங்கவில்லை.

அம்மாவுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டாம்.

அக்கா
ராசம்மாள்


கீழ்வேளூர்
27.10.1974

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். அம்மா ஒரு வழியாகத் தைலப் புட்டியைத் திறந்துவிட்டாள்.

மனுவை நேற்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நீ எழுதித் தந்ததைச் சேர்க்கவில்லை. காமாலையையும் எழுதவில்லை. இரண்டு தாள்களை ஏப்ரலில் நான் எழுதவில்லை, பிறகு செப்டம்பரில் எழுதினேன், எழுதாததற்குக் காரணத்தைச் சொல்ல விரும்பவில்லை, என் வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று நான்கு வரி எழுதினேன். செப்டம்பரில் புத்தகம் ஒன்றும் கையில் இல்லை. முப்பத்தாறும் முப்பத்தெட்டும் வந்ததே பெரிது.

நீ அழ வேண்டிய அவசியம் இல்லை. பதினேழாம் தேதி என்னைக் கூண்டுக்குக் கூப்பிடவே இல்லை தெரியுமா? காலையிலிருந்து மரத்தடியில் நின்றேன், சாயங்காலம் நாளைக்கு வா என்றார்கள். அந்தத் தாளையாவது எழுதிவிட்டு வந்திருக்கலாம். இதை நினைத்து இப்போது சிரிக்கிறேன்.

ஏன் எழுதவில்லை என்று கேட்காதே.

தம்பி
இளையபெருமாள்


தாராவி
10.11.1974

தம்பி இளையபெருமாளுக்கு,

இருக்கிறோம். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு மட்டும் துணி எடுத்தோம்.

கேட்காதே என்றால் கேட்கவில்லை. ஆனால் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம்தான். மச்சானுக்காகக் கோர்ட்டில் நின்றது உனக்கு வெட்கமாகப் போய்விட்டதா? பெரிய கல்லூரிக்காரர்கள் முன்னால் கூலிக்காரச் சொந்தத்தைக் காட்டிக்கொள்ளக் கூச்சமா? வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. மச்சானிடம் கேட்டால் அவன் இஷ்டம், விட்டுவிடு என்கிறார். நீங்கள் இரண்டு பேரும் எப்போதும் ஒரு கட்சிதான்.

ரெங்கம்மாள் சொல்லச் சொன்னது ஒன்று. காரணம் எழுதாததால் அந்த இரண்டு கடிதங்களும்தான் உன்னைத் தூக்க வேண்டும். ஒன்று உன் ஆபீசரிடம் வாங்கு. இன்னொன்று நெல் போட வரும் விவசாயி யாரிடமாவது வாங்கு, நம் தெருக்காரர் வேண்டாம். நம்மவர் நம்மைப் புகழ்ந்தால் எடுபடாது. இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவராக, உன்னால் ஒரு தடவையாவது கஷ்டப்பட்டவராக இருந்தால் நல்லதாம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

ராசம்மாள்


கீழ்வேளூர்
9.2.1975

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, அம்மாவும் சௌகரியம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறார்களா?

டிசம்பரில் சென்னை போய்த் தேர்வு எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது. நூற்றுக்கு நான்கு பேர்தான் என்னைவிட அதிகம் வாங்கியிருக்கிறார்கள் என்று சீட்டு வந்தது. ஏப்ரல் பத்தாம் தேதி சென்னையில் நேர்முகம். இரண்டு கடிதங்களையும் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆபீசர் கொடுத்துவிட்டார். நேரத்துக்கு வருவான், லீவு எடுக்க மாட்டான் என்று இரண்டு வரி. நிலையத்துக் கடிகாரத்துக்கும் இதையே எழுதிக் கொடுக்கலாம்.

நம் தெருக்காரர் அல்லாதவர், இங்கிலீஷ் தெரிந்தவர், என்னால் கஷ்டப்பட்டவர் என்று மூன்றும் பொருந்துகிற ஆள் இந்த வட்டாரத்தில் ஒருவர்தான். துரைராசு. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பண்ணையார் நிலங்களைப் பிரித்து விற்றபோது இவர் பத்து ஏக்கர் வாங்கிச் சொந்தச் சாகுபடி செய்கிறார். நம் நிலையத்தில்தான் நெல் போடுகிறார். தடியை ஊன்றிக்கொண்டு வருவார். மூன்று வருஷத்தில் நெல்லைத் தவிர வேறு ஒரு வார்த்தை நாங்கள் பேசியதில்லை. போய்க் கேட்டேன். இரண்டு நாள் கழித்து உறையை ஒட்டாமல் கொடுத்து, படித்துப் பார்த்துவிட்டு அனுப்பு என்றார். தமிழில் இப்படி:

‘இளையபெருமாளைப் பிறந்ததிலிருந்து அறிவேன். தகப்பனார் முருகையன் நான் காரியஸ்தராக இருந்த பண்ணையில் வேலை செய்தவர். முதல் வருஷம் என் டிராக்டர் சீட்டில் உள்ள நாளுக்கு முன்னால் வந்தது என்று இவர் திருப்பி அனுப்பினார். நான் மேலதிகாரிக்குப் புகார் எழுதினேன். குறித்த நாளில் போனபோது ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. புகாரைத் திரும்பப் பெற்றேன். ஈர நெல்லை இவர் யாரிடமும் வாங்கியதில்லை, சொந்த மாமனிடமும் வாங்கியதில்லை. ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரிந்தவர். நெல் விஷயத்தில் இவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.’

இதைக் கொண்டுபோகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி
இளையபெருமாள்


தாராவி
19.2.1975

தம்பிக்கு,

சுகம், சுகம். முதலில் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

நெல் விஷயத்தில் என்றால் என்ன அர்த்தம்? மற்ற விஷயத்தில் நீ பொய்யன் என்றுதானே? மச்சான் மேல் பொய் வழக்குப் போட்டவன், நீ சொன்ன உண்மையால் தோற்றவன், அந்த ஆத்திரத்தை ஏழு வருஷம் கழித்து ஒரு வார்த்தையில் செருகியிருக்கிறான். கால் ஊனமானாலும் புத்தி ஊனமாகவில்லை. போயும் போயும் அந்த ஆளிடம் போய் நின்றாயே.

வேறு யாரிடமாவது வாங்கு. அப்துல் ஹமீது ராவுத்தர் கூட வயல் வைத்திருக்கிறாரே, அவர் மகன் எழுதித் தர மாட்டானா? நேர்முகத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

மச்சானிடம் படித்துக் காட்டினேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. எங்கள் இரண்டு பேரையும் இப்படி நோகடிக்காதே.

ராசம்மாள்


பம்பாய்
2.3.1975

மாப்பிள்ளை இளையபெருமாளுக்கு வீரையன் எழுதுவது.

நலமா. அத்தை நலமா. நான் கடுதாசி எழுதிப் பழக்கம் இல்லை. சங்கத்து ராப் பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்து, தப்பு இருக்கும்.

பரீட்சை போனது எனக்குத் தெரியாது. அவள் படித்துக் காட்டியபோதுதான் தெரியும். தெரிந்திருந்தால் உன்னைக் கூப்பிட்டிருக்க மாட்டேன் என்று எழுத நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் கூப்பிட்டிருப்பேன். அப்போது எனக்குப் பயம்.

உன் அக்காளுக்குத் தெரியாது. அடிதடி நடந்த அன்றைக்குச் சாயங்காலம் நாகப்பட்டினம் வீட்டுக்கு வந்து, தஞ்சாவூர் போய் உன்னைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொன்னேன். நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு மாற்றிச் சொல்ல வழி இல்லாமல் போய்விட்டது. அன்று காலை வெளியூர் ஆட்கள் வயலில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். துரைராசு நடுவில் நின்று அவர்களை ஏவினார். கையில் இருந்த கழியால் ஒரே அடிதான் அடித்தேன். அவர் விழுந்தபோது என் முகத்தைப் பார்த்தார். கோர்ட்டில் நீ பேசியபோதும் அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எழுதியதில் பிழை இல்லை. நீ அதைக் கொண்டுபோவதும் விடுவதும் உன் இஷ்டம். என்ன கேட்டாலும் என்ன சொல்ல வேண்டுமோ சொல். எனக்காக இன்னொரு தடவை மாற்றிச் சொல்லாதே. அவளிடம் நான் சொல்கிறேன், கொஞ்சம் நாள் கொடு. பதில் எழுதினால் துறைமுகத் தொழிலாளர் சங்க விலாசத்துக்கு எழுது.

வீரையன்


கீழ்வேளூர்
16.4.1975

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வெயில் கடுமை, வயலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள், மூட்டை தூக்கும்போது மூச்சுப் பிடிக்கிறது என்று அக்கா ஒரு தடவை எழுதியிருந்தாள்.

நேர்முகம் முடிந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். துரைராசுவின் கடிதத்தைக் கொண்டுபோனேன். அப்துல் ஹமீது மகனிடம் வாங்கிய இன்னொரு கடிதமும் பையில் இருந்தது, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை புகழ்ச்சி. உள்ளே கூப்பிடும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்க் மட்டும் நன்றாக இருந்திருந்தால் அந்தப் புகழ்ச்சிக் கடிதத்தையே கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

சீட்டு முறை பற்றி அரை மணி நேரம் கேட்டார்கள். லஞ்சம் கொடுத்து நாளை மாற்றச் சொன்னால் என்ன செய்வாய், ஒரே நாளில் மழை வந்து எல்லோரும் அறுத்துவிட்டால் என்ன செய்வாய் என்று. அதெல்லாம் நடந்த கதை என்பதால் சொல்ல எளிதாக இருந்தது. பிறகு நடுவில் இருந்த பெரியவர் அந்தக் கடிதத்தின் கடைசி வரியை உரக்கப் படித்தார். நெல் விஷயத்தில் என்று ஏன் எழுதியிருக்கிறார் என்று கேட்டார்.

பயமாகத்தான் இருந்தது. பிறகு சொன்னேன். வேறு ஒரு விஷயத்தில் நான் அவருக்கு எதிராகக் கோர்ட்டில் பொய் சொன்னேன், அது அவருக்குத் தெரியும், அந்த இரண்டு நாளில்தான் பரீட்சை போனது என்றேன். யாருக்காக என்று கேட்டார்கள். என் குடும்பத்தில் ஒருவருக்காக என்றதோடு நிறுத்திக்கொண்டேன். அப்படியானால் இந்தக் கடிதத்தை ஏன் கொண்டுவந்தாய் என்று ஓரத்தில் இருந்தவர் கேட்டார். என்னைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு சரியாக எழுதியதில்லை என்றேன்.

பெரியவர் ஏதோ எழுதிக்கொண்டார். போகலாம் என்றார்கள். கிடைக்காது என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் சென்னையிலிருந்து வரும் ரயிலில் நன்றாகத் தூங்கினேன்.

அக்காவிடம் எப்போது சொல்கிறீர்கள் என்று நான் கேட்க மாட்டேன்.

இளையபெருமாள்


கீழ்வேளூர்
29.5.1975

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் நானும் நலம். உன்னிடமிருந்து கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா என்று ஒரு வரியாவது போடு.

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. முதல் பட்டியலில் இல்லை. ஒருவர் வேண்டாம் என்று விலகியதால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜூன் கடைசியில் சேர வேண்டும். படிப்பதற்குக் கடன் தர ஏற்பாடு இருக்கிறதாம்.

துரைராசுவிடம் போய்ச் சொன்னேன். களத்தில் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கடிதத்தைக் கொடுத்தாயா என்று கேட்டார். கொடுத்தேன் என்றேன். காலைக் கையால் தூக்கிக் கட்டிலில் நகர்த்தி வைத்துக்கொண்டார். பிறகு, “நீ அதக் கிழிச்சுப் போட்டுடுவேன்னுதான் அப்படி எழுதுனேன்” என்றார். எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டார், தேதியைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அம்மாவை ராமலிங்கம் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன். உங்கள் வீட்டுக்கு வரலாமா, இல்லை விடுதியிலேயே தங்கிவிடட்டுமா என்று எழுது.

தம்பி
இளையபெருமாள்


தாராவி
11.6.1975

அன்புள்ள தம்பி இளையபெருமாளுக்கு, அக்கா எழுதுவது.

நாங்கள் உயிரோடு, நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம். உனக்கு இடம் கிடைத்ததைப் படித்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

மச்சான் சொல்லிவிட்டார். மார்ச் மாதமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், பிள்ளைகள் வெளியே விளையாடப் போன நேரம் சொன்னார். அதனால்தான் நான் உனக்கு எழுதவில்லை. உன் மேல் கோபம், அவர் மேல் கோபம், அதைவிட என் மேல். அவர் அடித்ததற்காக எனக்குக் கோபம் வரவில்லை தம்பி. அந்த வருஷம் நம் தெரு பட்ட பாட்டுக்கு யார் கையாவது ஓங்கியிருக்கும். என்னைத் தெரியாதவளாக வைத்திருந்தீர்களே, அதற்குத்தான். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. சோறு போட்டேன், பேசவில்லை.

உனக்கு ஒன்று தெரியாது. தீர்ப்புச் சொன்ன அன்று நீ தஞ்சாவூர் போய்விட்டாய். கோர்ட்டு வாசலில் துரைராசுவை இரண்டு பேர் தாங்கிக் கூட்டி வந்தார்கள். நான் குனிந்து இரண்டு கையிலும் மண்ணை வாரி அவர் மேல் தூற்றினேன். பொய் சொன்னவன் வீடு மண்ணாய்ப் போகட்டும் என்று ஊரே கேட்கச் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். அன்றைக்கு என்னைப் போல நியாயக்காரி யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இப்போது எனக்கு அந்த முகம்தான் கண்ணில் நிற்கிறது. நம் அம்மாவும் உன் மருமக்களும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தால், புறப்படும் முன் நீ அவரைப் பார்த்து என் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேள்.

இதோடு மச்சான் எழுதிய ஒரு உறை இருக்கிறது. அவரிடமே கொடு. நான் ஒரு எழுத்துக் கூடத் திருத்தவில்லை.

விடுதியெல்லாம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் பத்துக்குப் பத்து வீட்டில் உன் படிப்பை இரண்டாம் தடவை கெடுக்க மாட்டேன். விடுதியில் தங்கு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வா.

அக்கா
ராசம்மாள்

(உறையில் இருந்தது)

துரைராசு அவர்களுக்கு வீரையன் எழுதுவது.

தங்கள் காலை அடித்தது நான். தங்களுக்கே தெரியும், ஆனாலும் நான் சொன்னதில்லை. இளையபெருமாளை நான்தான் அழைத்துச் சொல்ல வைத்தேன். அவன் மேல் வருத்தம் வைக்க வேண்டாம்.

கடுதாசி என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதை எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால் கடைசியில் எழுதுகிறேன். கால் எப்படி இருக்கிறது.

வீரையன்


கீழ்வேளூர்
4.8.1975

வீரையனுக்கு, துரைராசு.

கடிதத்தைப் பையன் கொடுத்துவிட்டு ரயிலேறிப் போனான். பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். அதனால் அஞ்சலட்டையில் எழுதுகிறேன், தபால்காரன் படித்தால் படிக்கட்டும்.

முட்டி மடங்காது. வரப்பில் இறங்க ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் குத்தல் அதிகம். மற்றபடி சாப்பாடு, தூக்கம் குறைவில்லை. நிலையத்தில் சீட்டுக் கொடுக்க வேறு ஆள் போட்டிருக்கிறார்கள், சரியில்லை.

ஏழு வருஷத்தில் உங்கள் தெருவிலிருந்து ஒருவரும் என் காலைப் பற்றிக் கேட்டதில்லை. வெளியூர் ஆட்களை நான் கொண்டுவந்து இறக்கிய அந்தத் தை மாதம், உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் உலை வைத்தார்கள் என்று நானும் போய்க் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ராசம்மாள், பிள்ளைகள் எல்லோரும் சுகமா? எழுதவும்.

துரைராசு